ஒரிஜினல் கண்டிஷன்

இலங்கையில் 1945 ஜனவரி முதலாம் திகதிக்கு முன்னர் பதிவான பயணிகள் கார் ஒன்று உங்கள் கொட்டிலில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைக் கப்பலேற்றி வெளிநாட்டுக்கு அனுப்ப ஆசை வந்தால், நினைத்த மாத்திரத்தில் அனுப்பிவிட முடியாது. இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்தில் விண்ணப்பம் போட்டு அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். அப்படி அனுமதி தேவைப்படும் பொருட்களின் பட்டியலில் பழைய காருக்குப் பக்கத்தில் இருப்பவை யானைத் தந்தம், பவளப்பாறை, மரம். போனால் வராது, நாட்டின் சொத்து, கண்டபடி வெளியே விடக் கூடாது என்று அரசாங்கம் பொத்திப் பொத்திக் காக்கிற சாமான்கள்.

அருமையான விதி. எழுதியவரின் கைக்குத் தங்கக் காப்புப் போட வேண்டும். அதே 1945க்கு முன்னரே இந்த நாட்டில் பேர் பதிந்து, தோட்டத்து ஆள்கணக்குப் புத்தகமான செக்ரோலில் ஏறி, காட்டை வெட்டி, கோப்பியும் தேயிலையும் றப்பரும் நட்டு, நட்ட செடிக்கே உரமாகிப் போனவர்களின் பிள்ளை குட்டிகளும் இருந்தார்கள். அவர்களில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரைக் கடல் தாண்டி அனுப்புவதற்கு, 1964 அக்டோபர் 30ஆம் திகதி புதுடில்லியில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இருவர் செய்துகொண்ட உடன்பாடே போதுமாக இருந்தது. 3 இலட்சம் பேருக்கு இங்கே பிரஜாவுரிமை. மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஓரமாக வைத்தார்கள். 1974இல் ஆளுக்கு 75 ஆயிரமாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு 1984 வரை கப்பல் ஓடியது. ஏற்றுமதி அனுமதிப்பத்திரம் எங்கே என்று துறைமுகத்தில் மறித்துக் கேட்ட ஒரு அதிகாரியைப் பற்றியும் நான் கேள்விப்பட்டதில்லை. எங்கள் பாட்டன்மார் செய்த பிழை ஒன்றுதான். ஓஸ்டின் செவனாகப் பிறந்திருக்க வேண்டும். மனிதராகப் பிறந்து தொலைத்தார்கள்.

யட்டியாந்தோட்டையில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்கு ஏறுகிற ஏ-7 வீதியில், கரவனல்லையைத் தாண்டி, களனி ஆற்றோடு ஒட்டிக் கிடக்கும் ஊர் இது. ஆற்றுக்கு மேலே றப்பர், அதற்கும் மேலே தேயிலை, எல்லாவற்றுக்கும் மேலே மழை. இந்த மழையில் இரும்பு தங்காது. 1903இல் இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் கொழும்பிலிருந்து ரயில் வந்தது. 1942இல், யுத்த காலத்தில், பாதையை மூடித் தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அதைத் திரும்பப் போட வேண்டும் என்று பழம்பொருள் பிரியர் எவரும் கண்ணீர் விட்டு நான் பார்த்ததில்லை. ரயிலில் கண்டவனும் ஏறிவிடுவான். அதுதான் அதில் உள்ள குறை.

ஆகவே கார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய அரசாங்கம், தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவைத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் ஓடுகிற தகரமெல்லாம் பொன் விலை போயிற்று. கோழி அடைந்து கிடந்த மொரிஸ் மைனரை யார் யாரோ தேடி வந்து தடவிப் பார்த்தார்கள். பழைய கார்க் கழகங்களும் அவற்றின் ஊர்வலங்களும் கொழும்பில் முன்பே உண்டு. வண்டியை வீட்டிலேயே வைத்துப் பிரித்து மேய்கிற பித்து இப்போது எங்கள் பக்கத்துத் தோட்டப் பங்களாக்களிலும் ஏறிவிட்டது. பிடித்தவர் ஒருவரல்லர். ஓய்வு பெற்ற நிர்வாகி, பதவியிலிருக்கும் நிர்வாகி, வார இறுதியில் வந்துபோகும் கொழும்பு முதலாளி, வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரருக்குப் பங்களாவை வாடகைக்கு விடுகிறவர் என்று பல பேர். எல்லோரையும் ஒன்றாக உருட்டித் ‘தொரை’ என்றே சொல்லிக்கொள்கிறேன். பெயரைச் சொன்னால் வழக்குப் போடுவார். சொல்லாவிட்டால், அடுத்த தோட்டத்துத் தொரையைத்தான் எழுதியிருக்கிறான் என்று வாசித்துச் சிரிப்பார்.

தொரைக்கு முன்மாதிரி கொழும்பிலேயே இருக்கிறது. காலிமுகத்திடல் ஹோட்டலில் 1935ஆம் ஆண்டு ஸ்டான்டர்ட் நைன் ஒன்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். இங்கே கடற்படையில் இருந்த இளவரசர் பிலிப் 1940இல் 12 பவுணுக்கு வாங்கிய கார். அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கார் உருண்ட வீதிக்குக் கல் உடைத்த சம்மட்டி எந்த ஹோட்டலிலும் இல்லை.

நம்ம தொரையிடம் இருப்பது மொரிஸ் மைனர். மைனர் மீது எனக்குக் கோபமில்லை. பார்க்க அழகான வண்டி, அதைப் படைத்தவரின் கதையும் அழகானது. அலெக் இஸிகோனிஸ், துருக்கிக் கரையோர ஸ்மிர்னாவில் பிறந்த கிரேக்க வம்சத்தவர். 1922இல் அந்த ஊர் பற்றி எரிந்த காலத்தில் பிரித்தானியக் கடற்படை அவர் குடும்பத்தை மீட்டு மால்டாவுக்குக் கொண்டுபோனது. ஊரே தவித்து நிற்க இவர்களை மட்டும் ஏன் ஏற்றினார்கள்? அவருடைய பாட்டன் ஸ்மிர்னாவில் பிரித்தானியர் போட்ட ரயில் பாதையில் வேலை செய்து பிரித்தானியக் குடியுரிமை பெற்றவர். பாட்டன் பாதை போட்டார், பேரன் குடிமகனானான். அகதியாய்ப் போய் இறங்கிய அந்தப் பேரன் வரைந்த கார்தான் 1948இல் லண்டன் கண்காட்சியில் அறிமுகமானது. எங்கள் பாட்டன்மாரும் அதே பிரித்தானியருக்குத்தான் மலையைக் குடைந்து பாதை போட்டார்கள். அதே 1948இல்தான் அவர்களுடைய பேரன்மாரை நாடற்றவராக்கிய பிரஜாவுரிமைச் சட்டமும், 18ஆம் இலக்கமாக, இங்கே அறிமுகமானது. கார் விலை போயிற்று. ஒரு மில்லியன் விற்ற முதல் பிரித்தானியக் கார் என்று பேரெடுத்தது. இங்கே அறிமுகமானதற்கும் நல்ல கிராக்கி. தேர்தலுக்குத் தேர்தல் விலை போனது.

சரி, வேலைக்கு வருவோம். வீட்டிலேயே பழைய காரைப் புதுப்பிப்பது எப்படி?

முதலில் வண்டியைக் கட்டையில் ஏற்றி, சில்லுகளைக் கழற்றி, கண்ணாடி, இருக்கை, கதவு எல்லாவற்றையும் பிரித்துக் கழற்றிய ஒவ்வொன்றிலும் சீட்டுக் கட்ட வேண்டும். பிறகு கீழே படுத்து அண்ணாந்து பார்க்க வேண்டும். மைனருக்குத் தனிச் சட்டம் கிடையாது, பொடியே அதன் எலும்பு. அதனால் அடித்தட்டு அரித்துப்போனால் வண்டியே நடுவில் மடிந்துவிடும். மேலே எவ்வளவு பெயின்ட் அடித்தாலும் பயனில்லை, அடித்தட்டுத்தான் முழு வண்டியையும் சுமக்கிறது என்று தொரை எனக்குப் பொறுமையாக விளங்கப்படுத்தினார். நான் தலையாட்டினேன். பின்னால் மலைச்சரிவில் பெண்கள் வரிசையாய்க் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

துருவைச் சுரண்டி, கெட்ட தகட்டை வெட்டி எறிந்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். இதைத் தொரை செய்வதில்லை. தொரை ‘நான் செய்கிறேன்’ என்றுதான் சொல்வார், செய்கிறவன் வேறு. அவன் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் மேட்டு லயத்துப் பையன். படிப்பை நிறுத்திக் கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பக்கம் போய், ஒரு பாஸிடம் டிங்கரிங் பழகி, கொரோனாவில் கராஜ் மூடியதும் ஊருக்கு வந்தவன். தகடு அவன் சொன்ன பேச்சைக் கேட்கும். மட்கார்டின் வளைவை வெறும் சுத்தியலாலும் மரக்கட்டையாலும் இங்கிலாந்து ஆலை அழுத்தின மாதிரியே எடுத்துக்கொடுத்தான். நண்பர்கள் வந்து பார்த்தபோது தொரை தன் கையை நீட்டி ஒரு சிறு காயத்தைக் காட்டினார். சாண்ட் பேப்பர் தேய்த்ததில் வந்ததாம்.

அந்தப் பையனின் அம்மா இருக்கிற காம்பராவின் கூரையும் தகரம்தான். காற்றுக்குப் பறக்காமல் மேலே கல்லும் பழைய டயரும் வைத்திருக்கிறார்கள். மழை வந்தால் உள்ளே வாளி, சட்டி, கோப்பை என்று இருக்கிற பாத்திரமெல்லாம் வரிசைக்கு வரும். பகலெல்லாம் மைனரின் கூரையில் ஊசி முனை ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சம் பிடித்துப் பார்க்கிறவன், இரவில் அந்தக் கூரைக்குக் கீழே படுக்கிறான். நாலு தகரம் மாற்றித் தருமாறு கொடுத்த விண்ணப்பம் ஆபீசில் இருக்கிறது. சொந்தமாக மாற்றவும் முடியாது. லயம் தோட்டத்துக்குச் சொந்தம், கேட்காமல் ஆணி அடித்தால் குற்றம். கேட்டால் பதிலில்லை. நனைந்தால் அது நிர்வாகத்தின் பொறுப்பில்லை.

காரைப் பொறுத்தவரை றப்பர் பாகங்கள் பெரிய தலையிடி. கதவோர றப்பர், கண்ணாடி றப்பர், இஞ்சின் தாங்கும் றப்பர், எல்லாம் காய்ந்து வெடித்திருக்கும். தொரை இவற்றை இங்கிலாந்திலிருந்து பார்சலில் தருவித்தார். மேசையில் பரப்பி வைத்து, “இதுதான் அசல், இந்தத் தரம் இங்கே வராது” என்றார். பங்களாவைச் சுற்றி நாலு பக்கமும் றப்பர் மரம். 1942இல் மலாயா ஜப்பானியரிடம் வீழ்ந்ததும் நேச நாடுகளின் டயருக்கு இலங்கை றப்பரே கதியென்றாகி, மரம் செத்தாலும் பரவாயில்லை என்று இந்த மலைகளில் தாறுமாறாகப் பால் வெட்டினார்கள். வெட்டியவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர்களுடைய பேத்திமார் இன்று காலையும் வெட்டிய பால், அந்த மேசையிலிருந்து கூப்பிடு தூரத்தில் சிரட்டைகளில் சொட்டிக்கொண்டிருந்தது. தகட்டுப் பாகங்களின் கதை இன்னும் விசேஷம். பாத் நகரில் மொரிஸ் மைனர் மையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் என்ற ஆங்கிலேயர், 1990களில் இலங்கையரொருவரோடு கூட்டுச் சேர்ந்து இங்கேயே மைனர் பாகங்கள் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். ஆக, இந்த நாட்டுத் தொழிலாளி தட்டிய தகடு இங்கிலாந்து போய், முத்திரை குத்தி, பவுண் விலையில் திரும்பி வந்தால்தான் தொரையின் வண்டிக்குப் பொருந்தும். எங்கள் தேயிலையையும் அப்படித்தானே அவர் பங்களாவில் குடிக்கிறார்.

இனி மேம்படுத்தும் கட்டம். இங்கேதான் பழைய கார்க்காரர்களுக்குள் இரண்டு கட்சி. ஒரு கட்சி ஒரிஜினல் கட்சி. ஆலையிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே இருக்க வேண்டும். ஒரு ஆணி மாறினாலும் தீட்டு. திரும்பும்போது பக்கத்திலிருந்து கை நீட்டுகிற அந்தக் காலத்துச் சமிக்ஞை வேலை செய்யாவிட்டாலும் அதையே வைத்திருப்பார்கள். மற்றது முன்னேற்றக் கட்சி. டைனமோவைத் தூக்கிவிட்டு ஆல்டர்னேட்டர் போடு, பொயின்ட் இக்னிஷனுக்குப் பதில் எலெக்ட்ரோனிக், பழைய 948 சீசீ இஞ்சினுக்குப் பதில் 1275, வசதியிருந்தால் ஜப்பான் இஞ்சினும் ஐந்து கியரும். 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நின்றுபோனதால் வால்வ் இருக்கைகளைக் கெட்டியாக்க வேண்டியதாயிற்று. மிக முக்கியம் பிரேக். முன்சில்லு இரண்டுக்கும் டிரம் பிரேக்கைக் கழற்றி டிஸ்க் பிரேக் போட வேண்டும்.

தொரை இந்த விஷயத்தில் முன்னேற்றக் கட்சி. “அறுபது வருஷத்துக்கு முந்தின பிரேக்கை நம்பிக் கினிகத்தேனை இறக்கத்தில் இறங்கலாமா? மனித உயிர் ஐசே, மனித உயிர்” என்றார். வயர்களையும் முழுசாக உருவி எறிந்தார். துணி சுற்றிய பழைய வயர், உராய்ந்தால் தீப்பிடிக்கும், வண்டியே சாம்பலாகிவிடும் என்று பயம். நியாயமான பயம். லயங்கள் எரிகிற செய்தி பத்திரிகையில் வரும்போதெல்லாம் ‘மின்கசிவு காரணமாக இருக்கலாம்’ என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். ஒரு காம்பராவில் பற்றினால் வரிசை முழுவதும் போகும். பிறகு தோட்டப் பாடசாலையில் பாய் விரித்து, அரிசியும் பருப்பும் கொடுத்து, அமைச்சர் வந்து படம் எடுத்துக்கொண்டு போவார். வயர் மாற்றினார்களா என்று அடுத்த லயத்தில் போய்ப் பார்த்தவர் யார்?

ஏனென்றால் லய விஷயத்தில் நிர்வாகமும் அரசாங்கமும், ஆண்ட கட்சி ஆளும் கட்சி எல்லாமும், சுத்தமான ஒரிஜினல் கட்சி. வெள்ளைக்காரன் கட்டிக்கொடுத்தபடியே இருக்க வேண்டும். அதே பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, அதே முன் இஸ்தோப்பு, அதே கறுத்த சுவர், இருபது குடும்பத்துக்கு அதே ஒற்றைப் பீலி. உலகத்தில் எங்கேயும் இவ்வளவு நேர்மையாக, ஒரு செங்கலைக்கூட மாற்றாமல், நூறு வருஷத்துப் பொருளை அசல் நிலையில் காப்பாற்றிய நாடு கிடையாது. சர்வதேசக் கண்காட்சிக்கு அனுப்பினால் முதற்பரிசு நமக்குத்தான். அதே வெள்ளைக்காரன் அதே காலத்தில் கட்டிய பங்களாக்களிலோ ஒரிஜினல் கட்சிக்கு ஒரு வாக்கும் விழாது: சுடுநீர், குளிரூட்டி, நீச்சல் குளம், ஒரு இரவுக்கு டொலரில் வாடகை. பாரம்பரியம் என்று பலகையும் மாட்டியிருக்கிறார்கள். பங்களா பாரம்பரியம்; லயம் பிரச்சினை.

வேறொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். மைனரின் நீளம் 12 அடி 4 அங்குலம். அதாவது, அந்தக் காரை லயத்துக் காம்பராவுக்குள் நிறுத்த முடியாது. பின்பக்கம் நாலு அங்குலம் வெளியே நிற்கும், மழையில் நனையும், துருப்பிடிக்கும். கார் வைக்கவே காணாத அந்த இடத்தில்தான் தாத்தா, பாட்டி, மகன், மருமகள், வயதுக்கு வந்த பிள்ளைகள் என்று மூன்று தலைமுறை சமைத்து, படித்து, பெற்று, செத்துக்கொண்டிருக்கிறது. தொரை மைனருக்கென்று கட்டிய கராஜ் இதைவிட இரண்டு மடங்கு. ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் வைத்திருக்கிறார். வண்டிக்கு மூச்சு முட்டக் கூடாதல்லவா?

வீடு கொடுக்கவே இல்லை என்று சொல்லவில்லை. ஏழு பேர்ச் காணி என்றார்கள். இந்தியா 4,000 வீடு என்றது; 2017இல் நோர்வூட்டுக்கு வந்த மோடி இன்னும் 10,000 என்றார். அடிக்கல் நாட்டியவர்களின் பெயர்ப் பலகைகளைச் சேர்த்திருந்தால் அதிலேயே பாதி லயத்துக்குக் கூரை போட்டிருக்கலாம்.

காரின் கடதாசி விஷயத்துக்கு வருவோம். பழைய காருக்குப் பெறுமதி கூடுவது நம்பர் பொருந்தினால்தான். பதிவுப் புத்தகத்தில் உள்ள இஞ்சின் இலக்கமும் வண்டியில் உள்ள இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். இதைச் சொல்லும்போது தொரையின் கண்ணில் ஒரு ஒளி. எங்களுக்கும் நம்பர் பார்த்தார்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி, இதே மண்ணில் பிறந்தவன் பிரஜையாக வேண்டுமானால் அவன் தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும். பூட்டனின் பிறப்புச் சான்றிதழ்! பிள்ளை பிறந்த மூன்றாம் மாதமே வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்துக்குத் துரத்தப்பட்ட பூட்டிமாரிடம் போய்க் கேட்டார்கள். அடுத்து 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம். 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முன்னர் பத்து வருஷம், கலியாணம் கட்டியவர் ஏழு வருஷம், இடைவிடாமல் இங்கே இருந்ததை நிரூபிக்க வேண்டும். சுமார் 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பம் போனது. கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. மிச்சப் பேருக்கு இஞ்சின் நம்பர் பொருந்தவில்லையாம். எல்லாக் கணக்கும் தீர்த்து, இங்கே எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் வர 2003 ஆயிற்று. அதற்குள் மைனர் உற்பத்தியை நிறுத்தி முப்பது வருஷத்துக்கு மேலாகியிருந்தது.

நம்பர் தகட்டையும் சொல்லிவிடுகிறேன். தொரையின் வண்டி ‘ஸ்ரீ’ வண்டி. 1957இலிருந்து வாகனங்களில் ஏறிய சிங்களத்து ‘ஸ்ரீ’. கறுப்புத் தகட்டில் வெள்ளை எழுத்து, பழைய அச்சு. அந்தத் தகட்டுக்காகவே கூடுதல் விலை கொடுக்க ஆள் இருக்கிறது. பித்தளை பொலிஷ் போட்டு, மெல்லிய துணியால் தினமும் துடைக்கிறார்கள். துடைக்கிறவன் அந்தப் பையன்தான். இந்த எழுத்தை எதிர்த்துக் குரல் கொடுத்ததற்காக 1958 ஏப்ரலில் பொகவந்தலாவையில் தோட்டத் தொழிலாளர் இருவர் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள் என்று பையனுக்கு யாரும் சொல்லவில்லை. அவன் படித்த பாடப்புத்தகத்தில் அதற்கு இடம் போதவில்லை போலும். தொரைக்கும் தெரியாது. தெரிந்தால், வண்டிக்கு ஒரு சரித்திரம் கிடைத்ததென்று சந்தோஷப்பட்டு, விலையை ஏற்றியிருப்பார்.

எங்கள் தொகுதிக்கென்று ஒரு புராதனப் பெருமையும் உண்டு. கலாநிதி என்.எம். பெரேரா. 1934–35 மலேரியாக் காலத்தில் எங்கள் கேகாலை மாவட்டத்து ஏழைகளுக்குப் பருப்புக் கொடுத்துப் ‘பருப்பு மஹத்தயா’ என்று பேர் வாங்கியவர். பிரஜாவுரிமைச் சட்டத்தை 1948இல் எதிர்த்து நின்ற சமசமாஜக் கட்சியின் தலைவர், பிற்பாடு யட்டியாந்தோட்டையின் பாராளுமன்ற உறுப்பினர். சிவப்புச் சட்டை, சர்வதேசியம், தொழிலாளர் ஒற்றுமை, எல்லாம் ஒரிஜினல். 1964 ஜூனில் அவர் அமைச்சரவைக்குள் ஏறினார், நிதியமைச்சர். அந்த அமைச்சரவையின் காலத்தில்தான், ஏறி ஐந்து மாதம் முடிவதற்குள், 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரின் கணக்கு தீர்க்கப்பட்டது. 1970இல் மறுபடி நிதியமைச்சரானார். 1973–74இல் தோட்டங்களில் பட்டினி விழுந்து, ஜனம் கிழங்கும் இலையும் பிடுங்கித் தின்று லயத்து வாசலில் செத்தபோது நாட்டின் பெட்டிச் சாவி எங்கள் எம்.பி.யின் இடுப்பில் இருந்தது. பெயின்ட் என்னவோ கடைசிவரை சிவப்புத்தான். இஞ்சினைத்தான் மாற்றிவிட்டார்கள்.

அவருக்குப் பின்னால் வந்தவர்களைப் பற்றி எழுதினால் கடதாசிக்கு மரியாதை இல்லை. எங்கள் சொந்தத் தலைவர்களும் சளைத்தவர்களல்லர். ஆயிரம் ரூபாய் என்ற ஒரே ஒரு தாளை நாட்சம்பளமாக வாங்கித்தர வருஷக்கணக்கில் மேடை போட்டார்கள். 2021இல் அது கையில் வந்தது; அடுத்த வருஷமே ரூபாயின் மதிப்பு விழுந்து அந்தத் தாளில் ஒரு குடும்பத்துக்குக் காணும்படி மாவும் பருப்பும் வாங்க முடியாமல் போயிற்று. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது. தொரை மைனரின் முன்பக்க வளையத்துக்குக் குரோம் பூச என்ன கொடுத்தார் என்று பையனைக் கேட்டேன். சொன்னான். எத்தனை நாள் சம்பளம் என்று இரண்டு பேரும் கணக்குப் பார்க்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டோம்.

மலை மட்டும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. 2016 மே 17ஆம் திகதி, அரநாயக்கவில் மலை இறங்கிய அதே நாளில், எங்களுக்கு அடுத்த புளத்கொஹுபிட்டியவில் களுப்பான தோட்டத்திலும் மண் சரிந்து தொழிலாளர் குடும்பங்களை மூடியது. 2025 நவம்பரில் டித்வா புயலோடு மறுபடியும் இந்த மாவட்டத்தில் மண் இறங்கியது. மழை கனத்தால் அதிகாரிகள் வந்து, இது அபாய வலயம், உடனே வெளியேறுங்கள் என்று கடுதாசி ஒட்டுகிறார்கள். எங்கே போவது என்று கடுதாசியில் எழுதியிருக்காது. ஒவ்வொரு முறையும் அதே லயத்தில், அதே சரிவுக்குக் கீழே, அதே ஜனம். மைனருக்கு மட்டும் அந்த மழையிலும் பிரச்சினையில்லை. சரிவு இல்லாத, வடிகால் வெட்டிய, கல் அடுக்கிய திடல் பார்த்துத்தானே பங்களா கட்டியிருக்கிறான் வெள்ளைக்காரன். எந்த மண் இறங்கும், எது இறங்காது என்று அவனுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

வண்டி ஒருவழியாக முடிந்தது. கரும்பச்சை நிறம், கண்ணாடியாய் மினுங்கியது. கொழும்பிலிருந்து நண்பர்களின் பழைய கார்கள் ஊர்வலமாக வந்து, பங்களாவில் தேத்தண்ணி குடித்து, கித்துல்கலைக்குப் போவதாக ஏற்பாடு. குவாய் நதிப் பாலப் படம் எடுத்த இடத்தில் பகல் சாப்பாடாம். வீதியோரம் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கொடியோடு நிறுத்தியிருந்தார்கள். தொரை தொப்பி போட்டிருந்தார். பங்களாவுக்கு ஏறுகிற கடைசி வளைவில், டிஸ்க் பிரேக்கும் எலெக்ட்ரோனிக் இக்னிஷனும் பூட்டிய மைனர் இருமி நின்றுவிட்டது. பின்னால் ஒரு வரிசைப் பழைய கார்கள் ஹோர்ன் அடித்தன. ஃபீல்ட் ஆபீசர் ஓடி வந்து, பக்கத்து மலையில் பால் சேர்த்துக்கொண்டிருந்த நாலு பெண்களைக் கைதட்டிக் கூப்பிட்டார். வாளிகளை வெயிலில் வைத்துவிட்டு வந்து தள்ளினார்கள். அந்த ஒரு வண்டி ஏறியதும் மற்றதற்கும் கை கொடுக்கச் சொன்னார்கள். தொரை உள்ளேயிருந்து கண்ணாடியை இறக்கி, பெயின்டில் கை வைக்காதே, பம்பரில் வைத்துத் தள்ளு என்றார்.

பகல் நிறுவைக்கு அவர்கள் போனபோது நேரமாகிவிட்டது. வாளியில் பால் கட்டிபட்டிருந்தது.

“பால் ஒறைஞ்சு போச்சு. நெறையும் காணல. அரைப் பேருதான், பாதி நாள் சம்பளந்தான்” என்றார் கணக்கப்பிள்ளை.

“தொரையோட கார தள்ளுனோமுங்க ஐயா. ஆபீசர் ஐயாதான் கூப்புட்டாரு.”

“கார் தள்ளுறதெல்லாம் செக்ரோல்ல இல்லம்மா. நான் எந்தக் கணக்குல எழுதுறது?”

நால்வரில் மூத்தவள் வாளியைத் தரையில் ‘ணங்’கென்று வைத்தாள்.

“அப்ப அந்த காருக்கு இன்னிக்கு முழுப் பேரு போட்டாச்சுங்களா?”